ஆளுக்குப் பதினோரு டாலர்

அத்தியாயம் 4

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்படியும் ட்வைலா க்ரிஸ்ப் காரின் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டினாள்.

"கண்ணாடியை ஏத்தும்மா. சட்டை நனையுது," என்றார் பக்கத்து சீட்டில் இருந்த கார்லைல் மெஸ்ஸர்.

"நனையட்டும் பாஸ். சட்டை காஞ்சிடும். என் மூக்கு போனா திரும்பி வராது."

"அப்படி என்ன நாத்தம்? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"தின்னவங்களுக்குத் தெரியாது. அதான் அந்தச் சனியனோட விசேஷம்."

ஏப்ரல் பிறந்தால் வட கரோலினா மலைகளில் காட்டுப்பூண்டு முளைக்கும். முளைத்த கையோடு ஊர் மொத்தத்துக்கும் கிறுக்குப் பிடிக்கும். பன்றிக் கொழுப்பில் வதக்கி, உருளைக்கிழங்கோடு சேர்த்து, முட்டையில் போட்டு என்று மூன்று வேளையும் அதுதான். ஒரு தட்டு சாப்பிட்டால் மூன்று நாளைக்கு மூச்சில் நாறும், வேர்வையில் நாறும், தலையணையில்கூட நாறும். ஆனால் தின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சுகமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த மாவட்டத்திலேயே இதை வாயில் வைக்காத ஒரே ஜீவன் ட்வைலாதான். ஊரிலுள்ள ஒரே துப்பறியும் நிறுவனத்தின் ஒரே உதவியாளரும் அவளே.

கார்லைல் அன்று காலை முட்டையோடு இரண்டு தட்டு முடித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறியிருந்தார்.

"கேஸைச் சொல்லு," என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

"நேத்து ராத்திரிதான் சொன்னேன்."

"அப்ப எனக்குப் பசி. காதுல ஏறல."

ட்வைலா சொன்னாள். இந்த மாநிலத்தில் நீதிபதியும் வீடு வீடாக ஓட்டுக் கேட்டுத்தான் நீதிபதி ஆக வேண்டும். இந்த மாவட்டத்து ஜட்ஜ் வேல்டா ராத்போன், மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நிற்கிறார். பெரிய இடத்துப் பணத்தைத் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சில நூறு சாதாரண வாக்காளர்களிடம் ஆளுக்குப் பத்து டாலருக்குக் குறையாமல் வாங்கிக் காட்டினால், பிரசாரச் செலவை அரசாங்கமே தந்துவிடும். வேல்டா தேர்ந்தெடுத்த வழி அதுதான். கெடு இன்றோடு முடிகிறது. தேவையான ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள்.

வில்லங்கம் சனிக்கிழமை வந்தது. சில்லர்ஸ் கோவ் என்ற சிற்றூரின் தீயணைப்பு நிலையத்தில் காட்டுப்பூண்டு விருந்து. அங்கே வேல்டாவின் ஆட்கள் ஒரு டப்பா வைத்தார்கள். சாப்பிட வந்தவர்கள் கையெழுத்துப் போட்டு நன்கொடை போட்டார்கள். எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி பதினோரு டாலர்.

"ஒருத்தர்கூட பத்து போடல. ஒருத்தர்கூட இருபது போடல. எதிராளி ஹேகுட்டோட ஆளுங்க புகார் குடுத்துட்டாங்க. யாரோ ஒரு பணக்காரன் கட்டுக்கட்டா குடுத்து, ஆளுக்குப் பதினொண்ணுன்னு பிரிச்சுப் போட வெச்சிருக்கான்னு. மூணு மணிக்கு கோர்ட்ல விசாரணை. அந்த டப்பா செல்லாதுன்னு ஆச்சுன்னா, ஜட்ஜம்மாவுக்கு அரசாங்கப் பணம் சல்லிக்காசு கிடையாது. ஹேகுட் பின்னாடி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரங்க மொத்தப் பேரும் நிக்கிறாங்க. இவங்க சுவத்துல ஒட்டறதுக்குப் பசைகூட வாங்க முடியாது."

"பதினொண்ணு," என்றார் கார்லைல். "அந்த பெட்ரோல் பங்க்ல நிறுத்து. காபி வாங்கணும். கையில காசில்ல."

பங்க்கின் மூலையில் பணம் எடுக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. சில்லர்ஸ் கோவுக்கு வங்கி கிடையாது. இதுதான் எல்லாமே. கார்லைல் பத்து டாலர் கேட்டார். இயந்திரம் மாட்டேன் என்றது. ஐந்து கேட்டார். அதற்கும் மாட்டேன் என்றது. கடைசியில் இருபது டாலர் நோட்டு ஒன்றைத் துப்பியது.

கார்லைல் அந்த நோட்டைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணமான முதல் வாரத்தில்கூட அவர் அப்படிச் சிரித்திருக்க மாட்டார் என்று ட்வைலா நினைத்தாள்.

"முடிஞ்சுது கேஸ்," என்றார். "சாப்பாடு ஒன்பது டாலர். ஊரே இந்த மெஷின்ல இருந்து இருபதா எடுத்துட்டுப் போயிருக்கு. சாப்பிட்டு வெளிய வரும்போது மீதி பதினொண்ணு. பையில வைக்கறதுக்கு முன்னாடி பக்கத்துலயே டப்பா. தூக்கிப் போட்டுட்டாங்க. ஒரு பணக்காரனும் இல்ல, மண்ணும் இல்ல."

ட்வைலாவுக்கே கொஞ்சம் மரியாதை வந்தது. ஐந்து நிமிஷம் நீடித்தது.

தீயணைப்பு நிலையத்தின் கதவில் விருந்து விளம்பரம் இன்னும் ஒட்டியிருந்தது. மழையில் ஊறியும் எழுத்து தெளிவாகவே தெரிந்தது. 'சாப்பாடு ஏழு டாலர். டீ இலவசம்.'

"இருபதுல ஏழு போனா பதிமூணு பாஸ்."

"எனக்குத் தெரியும்."

"ரெண்டு டாலர் இடிக்குது."

"அதுவும் தெரியும். வாயை மூடிட்டு உள்ள வா."

உள்ளே வில்லடீன் பர்ச்ஃபீல்ட் மேஜை துடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, மலை மாதிரி உடம்பு. தீயணைப்பு நிலையத்தின் எல்லா விருந்துகளுக்கும் கல்லாவில் உட்காருவது அவர்தான். சமையலறையில் அவர் தம்பி ஹோபர்ட் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தான். ஊரில் தீப்பிடித்தால் வண்டியை எடுக்கிறவன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவனும் அவன்தான்.

"வில்லடீன் அக்கா, சனிக்கிழமை எங்க உக்காந்து காசு வாங்கினீங்க?" என்று கேட்டார் கார்லைல்.

"இந்த வாசல் மேஜைலதான். சாப்பிட்டு வெளிய போறப்ப குடுக்கணும்."

"நன்கொடை டப்பா?"

"இதே மேஜை. வேற மேஜை ஏது?"

"ஆளுக்கு எவ்வளவு வாங்கினீங்க?"

"ஏழு. போர்டுல போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?"

"இருபது குடுத்தா மீதி பதிமூணு தரணும். எல்லாரும் பதினொண்ணுதான் போட்டிருக்காங்க. மிச்ச ரெண்டு டாலர் எதுக்கு?"

"ஆப்பிள் பை பலகாரத்துக்கு," என்றார் வில்லடீன்.

"குலுக்கல் சீட்டுக்கு," என்றான் சமையலறையிலிருந்து ஹோபர்ட், அதே நொடியில்.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குலுக்கல்ல ஆப்பிள் பைதான் பரிசு," என்றார் வில்லடீன்.

"எல்லாருக்குமா விழுந்துச்சு?" என்றாள் ட்வைலா.

"நல்ல அதிர்ஷ்டமான ஊரும்மா இது."

கார்லைல் தாடையைச் சொறிந்தார். ட்வைலா அதற்குள் சமையலறைக்குள் நுழைந்துவிட்டாள். கழுவிய கண்ணாடி ஜாடிகள் மேஜை நிறையக் கவிழ்ந்திருந்தன. காட்டுப்பூண்டு நாற்றம் சுவரைத் தள்ளிக்கொண்டு நின்றது. அதற்கு அடியில் வேறு ஒன்று மெல்லிசாக வந்தது. இனிப்பாக, மூக்கின் நுனியைச் சுடுகிற மாதிரி. அவள் ஒரு ஜாடியை எடுத்து முகர்ந்தாள்.

"பாஸ், இங்க வாங்க. இதை மோந்து பாருங்க."

கார்லைல் மோந்தார். "ஒண்ணும் தெரியல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? பீச் பழம். ஏப்ரல்ல ஏது பீச் பழம்?"

ஹோபர்ட்டின் காது சிவந்தது. அப்புறம் கழுத்து. அப்புறம் மொத்த ஆளும், அவன் ஓட்டுகிற வண்டியின் நிறத்துக்கு வந்துவிட்டான்.

"போன வருஷம் பழுத்தது," என்று முனகினான். "கொஞ்ச நாளா... ஊறிக்கிட்டு இருந்துச்சு."

"ஊறினதா, காய்ச்சினதா?"

"ரெண்டும்."

இது ஒரு சொட்டு மது விற்கக்கூடாத மாவட்டம். ஞானஸ்நானத் தண்ணீரைத் தவிர வேறு எதிலும் முங்காத ஜனங்கள் என்று வெளியூரில் பெயர். கார்லைல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏழும் ரெண்டும் ஒன்பது," என்றார். "என் கணக்கு தப்பல. இலவச டீக்கு ரெண்டு டாலர். அக்கா, மூணு மணிக்கு கோர்ட்டுக்கு வந்து இதைச் சொல்லிடுங்க. ஜட்ஜம்மா பொழச்சுப்பாங்க."

"செத்தாலும் மாட்டேன்." வில்லடீன் துணியை மேஜையில் அடித்தார். "லைசென்ஸ் இல்லாம வித்தோம்னு தீயணைப்பு நிலையத்தையே மூடிடுவானுங்க. அந்தக் காசுலதான் வண்டிக்கு டயர் மாத்தினோம். அதோட, குடிச்சவங்க மொத்தப் பேரும் குடியே பாவம்ங்கற பாப்டிஸ்ட் சபை. பாஸ்டர் மூணு கிளாஸ். ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டான்."

"அப்ப ஆப்பிள் பைன்னே சொல்லிடுங்க," என்றாள் ட்வைலா. "எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா போச்சு."

வில்லடீன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கோர்ட்ல பைபிள் மேல கை வெக்கச் சொல்லுவான். கை வெச்சுட்டுப் பொய் சொல்ற ஜாதி இல்லம்மா நாங்க. வெக்காம வேணா எவ்வளவு வேணும்னாலும் சொல்லுவோம்."

கார்லைல் எழுந்தார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"ஜட்ஜம்மா குடிச்சாங்களா?"

"பீச் டீன்னு சொல்லிக் குடுத்தோம்," என்றார் வில்லடீன், தரையைப் பார்த்துக்கொண்டு. "நல்ல மனுஷி. ரெண்டாவது கிளாஸும் கேட்டாங்க."

கோர்ட் வராந்தாவில் காபி இயந்திரம் ஒன்று உண்டு. அதில் வருவது காபி என்பது ஊரின் நம்பிக்கை. ட்வைலா கையில் காசோடு நின்றாள். முன்னால் ஒரு இளைஞன். பளபளப்பான ஷூ, இஸ்திரி கலையாத கோட், வாயில் புதினா மிட்டாய். ஒன்று கரைவதற்குள் இன்னொன்றைப் போட்டுக்கொண்டான். புதினாவையும் மீறி அடித்தது காட்டுப்பூண்டு. இவனுமா என்று அவள் இரண்டடி தள்ளி நின்றாள்.

வராந்தாவின் கோடியில் வேல்டா ராத்போன் கார்லைலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உருவம், நரைத்த தலை, பழைய மழைக்கோட்டு. அந்தக் கோட்டைத்தான் கோர்ட்டுக்கும் போடுவார், கோழிக்கூண்டு கழுவவும் போடுவார்.

"காரணம் கண்டுபிடிச்சாச்சா இல்லையா?"

"கண்டுபிடிச்சாச்சு ஜட்ஜம்மா. நேர்மையான காசுதான். ஆனா உங்ககிட்ட சொல்ல முடியாது."

"ஏன்?"

"சொன்னா நீங்க கேட்டுக்கணும். கேட்டா நீங்க ஜட்ஜு."

வேல்டா மழைக்கோட்டின் பொத்தானை மாட்டினார். என்ன புரிந்ததோ, மேற்கொண்டு கேட்கவில்லை.

"பேசாம ரெண்டு கம்பெனிகிட்ட செக் வாங்கியிருக்கலாமேம்மா," என்றாள் வந்து சேர்ந்த ட்வைலா. "ஹேகுட் வாங்கலையா? கேட்டா, அதனால என் தீர்ப்பு மாறாதுங்கறார்."

"பொய் சொல்லலம்மா, நிஜமாவே நம்பிச் சொல்றார்." வேல்டா கார்லைல் பக்கம் தலையாட்டினார். "இவரைக் கேளு. தான் நாறலைன்னுதான் சொல்வார்."

கார்லைல் தன் கையை மோந்து பார்த்துக்கொண்டார்.

தலைநகரிலிருந்து வந்திருந்த விசாரணை அதிகாரி ஸ்பைவி கடற்கரைப் பக்கத்துக்காரர். பாவம், யாரும் எச்சரிக்கவில்லை. சில்லர்ஸ் கோவ் முழுக்கக் கோர்ட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் அவருக்குக் கண்ணில் நீர் கட்டியது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே சாட்சியைக் கூப்பிட்டார்.

சாட்சிக் கூண்டில் ஏறியவன் அந்தப் புதினா மிட்டாய்க்காரன். டென்டன் கெய்தர், இதே மாநிலத்து ஷார்லட் நகரம், ஹேகுட்டின் பிரசார ஆள். பைபிளில் கை வைத்தான்.

"சனிக்கிழமை காருக்குள்ள உக்காந்து ஜன்னல் வழியா பார்த்தேங்க. ஒரு பொம்பளை ஒவ்வொருத்தர் கையிலயும் நோட்டு குடுத்தாங்க. அவங்க அதை அப்படியே டப்பாவுல போட்டாங்க. என் கண்ணால பார்த்தேன்."

"உள்ள போனீங்களா?" என்றார் ஸ்பைவி.

"காலடி எடுத்து வெக்கலைங்க."

ட்வைலா கார்லைலின் விலாவில் இடித்தாள். "பாஸ், இவன் நாறினான்."

"எல்லாரும்தான் நாறறாங்கன்னு நீ சொல்றே."

"இவன் ஷார்லட்காரன் பாஸ்!"

கார்லைல் மெல்ல எழுந்தார். இரண்டு கேள்விக்கு அனுமதி கேட்டார். சீக்கிரம் கேட்டுத் தொலையுங்கள் என்பது போல் ஸ்பைவி கைக்குட்டையை அசைத்தார்.

"தம்பி, எங்க தங்கியிருக்கீங்க?"

"ஹைவே ஓட்டல்ல."

"அங்க காலைல காட்டுப்பூண்டு போடறாங்களா?"

கெய்தரின் வாயில் மிட்டாய் அசையாமல் நின்றது.

"என்கிட்ட ஒரு மூக்கு வேலை பாக்குது. நல்ல மூக்கு, சம்பளம் கம்மி. நீங்க சாப்பிட்டிருக்கீங்கன்னு அது சொல்லுது. இந்த ஊர்ல உங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு யாரும் விருந்து வெச்சிருக்கமாட்டாங்க. பைபிள் மேல கை வெச்சிருக்கீங்க. சனிக்கிழமை உள்ள போனீங்களா?"

"பசிச்சுதுங்க," என்றான் கெய்தர், சின்னக் குரலில். "வாசனை நல்லா வந்துச்சு."

"இருபது டாலர் நோட்டா குடுத்தீங்க?"

"அந்த பங்க் மெஷின்ல வேற வராதே."

"மீதி எவ்வளவு வந்துச்சு?"

"பதினொண்ணு."

கார்லைல் குரலை இன்னும் தணித்தார்.

"அந்தப் பதினொண்ணை என்ன பண்ணீங்க தம்பி?"

"டப்பாவுல போட்டேன்."

"ஜட்ஜம்மாவோட டப்பாவுலயா? கையெழுத்தோடயா?"

"ஆமா."

ஹேகுட்டின் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். டப்பாவில் கையெழுத்துப் போட்டவர்கள் யார் யார் என்று அவர்கள் படித்தே பார்க்கவில்லை. பதினொன்று பதினொன்று என்று இருந்ததும் மொத்தமாகப் புகார் போட்டுவிட்டார்கள்.

"ஏன் போட்டீங்க?" என்றார் ஸ்பைவி, கைக்குட்டையை மறந்து.

"தெரியலைங்க. அன்னிக்கு ராத்திரி எல்லாருமே ரொம்ப நல்லவங்களாத் தெரிஞ்சாங்க."

பின்வரிசையில் யாரோ 'ஆமென்' என்றார்கள். பாஸ்டரின் குரல் மாதிரி இருந்தது.

ஆனால் ஸ்பைவி முட்டாள் இல்லை. விளம்பரத்தின் போட்டோ அவர் மேஜையில் இருந்தது. "சாப்பாடு ஏழு டாலர்னு போட்டிருக்கு. அப்ப மீதி பதிமூணு. அந்த ரெண்டு டாலர் எதுக்கு? அதுக்குக் கணக்கு சொல்லாம பதினொண்ணு மீதிப்பணம்தான்னு நான் எப்படி எழுத முடியும்? நீங்க சொல்லுங்க."

கெய்தர் கூட்டத்தைப் பார்த்தான். வில்லடீன் கைகளைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இன்னொரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டான்.

"யாராவது சொல்லுவீங்களா?"

ஊர் மொத்தமும் தத்தம் ஷூவைப் பார்த்தது. இவ்வளவு தூரம் வந்து, இரண்டு டாலரில் கவிழப்போகிறது. இந்த ஊர்மேல் ட்வைலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வேல்டா ராத்போன் எழுந்து நின்றிருந்தார்.

"நான் சொல்றேன். பைபிளைக் குடுங்க."

"ஜட்ஜம்மா, வேண்டாம்," என்றார் கார்லைல், பல்லுக்கிடையில்.

"உக்காரு கார்லைல்." அவர் கையை வைத்தார். "அந்த ரெண்டு டாலர் பீச் சாராயத்துக்கு. டீன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. முதல் மடக்குலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டாவது கிளாஸ்... சந்தேகத்தின் பலனைக் குடுத்துப் பார்க்கலாம்னு."

சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

"தெரிஞ்சதுமே எழுந்து வந்திருக்கணும். வரல. அது என் தப்பு. இதை மறைச்சு ஜெயிச்சு மேல போய் உக்காந்தா, நான் வேணாம்னு சொன்ன செக்குக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்ல." வேல்டா மழைக்கோட்டுப் பைக்குள் கையை விட்டார். "எனக்கும் சாப்பாட்டுக்கு இருபதுல மீதி வந்துச்சு. வில்லடீன் ரெண்டு கிளாஸுக்கும் சேர்த்து ரெண்டு டாலர்தான் எடுத்தா. என் டப்பாவுல நானே போடறது முறையில்லன்னு பையிலயே வெச்சுட்டேன்."

கசங்கிய நோட்டுகளை மேஜையில் வைத்தார். ஒரு பத்து, ஒரு ஒன்று. ஸ்பைவி அவற்றை அருகில் இழுத்தார், மோந்தார், சட்டென்று தள்ளி வைத்தார்.

அப்போது வில்லடீன் எழுந்தார். எழும்போதே அழுதுகொண்டிருந்தார். "வித்தது நான். அவங்களை விட்டுடுங்க."

"காய்ச்சினது நான்," என்று ஹோபர்ட் எழுந்தான்.

"குடிச்சது நான்," என்று பாஸ்டர் எழுந்தார். அதற்கப்புறம் பெஞ்ச் பெஞ்சாக ஊரே எழுந்து நின்றது. கடைசியில் சாட்சிக் கூண்டில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த கெய்தர், என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் தூக்கினான்.

ஸ்பைவி வெகுநேரம் எழுதினார். பிறகு நிமிர்ந்தார். "பணம் எங்கிருந்து வந்துச்சுங்கறதுதான் என் வேலை. வாக்காளர்களோட சொந்தப் பணம். எல்லாம் செல்லும். சாட்சியோடதும் சேர்த்து. சாராய விவகாரம் இந்த மாவட்ட கோர்ட் பார்த்துக்கட்டும்."

"அந்த கோர்ட்ல ஜட்ஜ் நான்தான்," என்றார் வேல்டா. "ஆனா நான் விசாரிக்க முடியாது. சாட்சியா போயிட்டேன். வாடிக்கையாளரும்கூட. பக்கத்து மாவட்ட ஜட்ஜுக்கு எழுதிடறேன். என்மேல புகாரும் நானே எழுதி அனுப்பறேன்."

நாளைக் காலையில் ஹேகுட்டின் ஆட்கள் அவர் படத்தையும் ஒரு சாராய ஜாடியையும் சேர்த்து அச்சடித்து மாநிலம் பூராவும் ஒட்டுவார்கள். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வேல்டாவுக்கும் தெரியும். ஆனால் பதிலுக்கு ஒட்ட அவரிடமும் இனிமேல் பசைக்குக் காசு இருக்கும்.

வெளியே மழை விட்டிருந்தது. கார் பக்கத்தில் வில்லடீன் மூடிபோட்ட பாத்திரத்தோடு காத்திருந்தார். மூக்கு இன்னும் சிவந்திருந்தது.

"உனக்குன்னு தனியா வதக்கினேன் கண்ணு. ஒரு வாய் சாப்பிடு. அப்புறம் எங்க யாரோட நாத்தமும் உனக்குத் தெரியாது."

ட்வைலா பாத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கி, அப்படியே காருக்குள் உட்கார்ந்திருந்த கார்லைலின் மடியில் வைத்தாள்.

"அதனாலதான்க்கா வேண்டாம்," என்றாள். "எங்க ஆபீஸ்ல ஒரு மூக்காவது மிச்சம் இருக்கணும்."

நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.